ஊழியம் எதுவரை?

மாறிவிட்ட இந்தக் காலத்தில் சுவிசேஷத்தை எப்படிச் சொல்வது? எங்கள் சபைகளில் இன்று அடிக்கடி எழும் கேள்வி இது. துண்டுப் பிரசுரத்தை நீட்டினால் வாங்கத் தயங்குகிறார்கள். வீதிப் பிரசங்கத்துக்கு நிற்பவர் குறைந்துவிட்டார்கள். நம் பிள்ளைகளே செல்போனில் நாலு போதகர்களைக் கேட்டுவிட்டு ஞாயிறு ஆராதனைக்கு வராமல் இருந்துவிடுகிறார்கள். காலம் கெட்டுப்போய்விட்டது என்று பெரியவர்கள் வருந்துகிறார்கள். எனக்கோ, நம் ஊழியத்தையே மீண்டும் யோசித்துப் பார்க்கச் சொல்லும் காலமாக இது படுகிறது. அப்படி யோசிக்கும்போதெல்லாம் வேலூரில் நடந்த ஒன்று நினைவுக்கு வருகிறது.

பால் பிராண்ட் கொல்லிமலையில் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்தவர். அறுவை மருத்துவராகி, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் விரல்கள் மடங்கி இறுகிப்போன கைகளைப் பார்த்தார். எல்லாத் தசைகளும் செத்துவிடவில்லை, முன்கையில் வலுவான தசைகள் மிச்சமிருக்கின்றன என்று புரிந்துகொண்டார். அவற்றின் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தியபோது, பல ஆண்டுகளாக மடங்கிக் கிடந்த விரல்கள் நிமிர்ந்தன.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை அதிகம் யோசிக்கவைக்கிறது. குணமாகிப் போன ஒருவர் திரும்பி வந்து முறையிட்டார். கை நேரானதிலிருந்து பிச்சை விழுவதில்லை; தொழுநோயாளி என்பதால் வேலையும் கிடைப்பதில்லை, தங்க இடமும் கிடைப்பதில்லை என்றார். பிராண்ட் அதை நன்றிகெட்ட பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்லூரி வளாகத்திலேயே நவஜீவ நிலையம் உருவானது. குணமானவர்கள் அங்கே தங்கி, தச்சு வேலை கற்று, மரப் பொம்மைகள் செய்து, சொந்தக் காலில் நிற்கப் பழகினார்கள்.

ஊழியம் எங்கே முடிகிறது என்பதை ஊழியர் முடிவு செய்ய முடியாது என்பதே இதில் நான் கற்றுக்கொள்வது. அறுவை வெற்றி பெற்றது மருத்துவருக்குப் போதுமானதாக இருந்திருக்கலாம். நோயாளிக்கு அது பாதி வழிதான். மீதி வழியைச் சொல்ல அவருக்கு வாய் இருந்தது, கேட்க பிராண்டுக்குக் காது இருந்தது.

இன்றைய தேவைகள் வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டன. 1980களில் கூட்டு மருந்து சிகிச்சை வந்தபின் தொழுநோயின் கொடுமை வெகுவாகத் தணிந்தது. அரசுப் பள்ளியும் அரசு மருத்துவமனையும் ஏழைகளை எட்டுகின்றன. ஆனால் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வந்த ஒடிசாத் தொழிலாளி காய்ச்சலோடு ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில் மொழி தெரியாமல் நிற்கிறார். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, இரவில் நெஞ்சு வலித்தால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாத பெற்றோர் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். குடியால் வருமானம் கரைந்து, நுண்கடன் தவணைக்குத் தவிக்கும் தாய்மார் இருக்கிறார்கள். இவர்களுக்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. கூடவே வருகிற ஓர் ஆள் தேவை. அந்த ஆள் அடுத்த வாரமும் வர வேண்டும்.

இந்த உதவியைத் தூண்டில் முள்ளில் கோத்த புழுவாக்கிவிடக் கூடாது. கிறிஸ்தவ சேவையின் மேல் மதமாற்றச் சந்தேகம் இருப்பதை நாம் அறிவோம். கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 2002இல் வந்து, 2004இல் திரும்பப் பெறப்பட்டது. சட்டம் போனாலும் சந்தேகம் போய்விடவில்லை. தன் மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு தருகிறது. பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த எல்லை குறித்து எனக்குக் குறையில்லை. மனதைத் திருப்புவது மனிதன் கையில் இல்லை என்றுதானே நாமும் விசுவாசிக்கிறோம்? நம் உதவி பெற்றவர் ஒருநாளும் ஆலயப் படி ஏறாமல் போகலாம். அப்போதும் உதவி அதே அன்போடு தொடர வேண்டும்.

அதற்காக வாய்மூடி இருந்துவிடுவதும் நேர்மையாகாது. நம் நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவர்களுக்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கும்படி பேதுரு தன் முதல் நிருபத்தில் எழுதுகிறார். நம்மைப் பார்த்து யாராவது கேட்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கிறார். அப்படிக் கேட்கவைக்கும் வாழ்க்கை நம்முடையதா என்பதே என்னை உறுத்துகிறது. கல்யாணப் பேச்சில் முதலில் சாதியை விசாரிக்கிற சபை, கல்லறையிலும் சாதிச் சுவர் எழுப்பிய சபை, எந்த மேடையில் நின்று அன்பைப் பற்றிப் பேசினாலும் இளைய தலைமுறை நம்பாது. அவர்கள் பிரசங்கத்தை நம் வீட்டு வழக்கங்களோடு ஒத்துப்பார்க்கிறார்கள்.

சொல்லும் வாழ்க்கையும் ஒத்துப்போன முன்மாதிரியும் நமக்கு உண்டு. 1921இல் தமிழரான சவரிராயன் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். இருவரும் மருத்துவர்கள். வெள்ளையர் ஆட்சி நடந்த நாட்களில் இருவரும் கதர் உடுத்தி, ஒரே கூரையின்கீழ் சகோதரர்களாக வாழ்ந்து, சுற்றுக் கிராமத்தாருக்கு வைத்தியம் பார்த்தார்கள். அவர்கள் கட்டிய ஜெபாலயம் திராவிடக் கோயில் அமைப்பில் நிற்கிறது. ஆள்பவனும் ஆளப்படுபவனும் சமமாக வாழ முடியும் என்பதை அக்கம்பக்கத்தார் கண்ணால் கண்டார்கள். அந்த இருவரும் சொன்ன சுவிசேஷத்துக்கு அவர்கள் வாழ்க்கையே ஆதாரமாக இருந்தது.

சபைக் கூட்டங்களில் ஞானஸ்நானக் கணக்கை வாசிக்கிறோம், காணிக்கைக் கணக்கை வாசிக்கிறோம். இன்னொரு கணக்கையும் வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. நம் தெருவில் யார் தனியாக இருக்கிறார்கள், அவர்களோடு நம்மில் யார் போகிறோம், பாதி வழியில் யாரை விட்டுவிட்டு வந்தோம் என்று ஒவ்வொரு சபையும் பெயர் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். விட்டுவிட்டு வந்தவர்களிடம் மறுபடி போக வேண்டும். கலாச்சாரம் இன்னும் எத்தனை விதமாக மாறினாலும், அப்படிப் போகிற சபையிடம் மக்கள் கேள்வி கேட்பார்கள். அன்றைக்கு நாம் கிறிஸ்துவின் பெயரைத் தயங்காமல் சொல்லலாம்.