பிடியரிசி

உலை கொதிக்கிறது. களைந்து போடுவதற்கு முன் ஒரு பிடி தனியே எடுக்கப்படுகிறது. சின்னத் தூக்குவாளிக்குள் விழுகிறது.

அளவு கிடையாது. கை எவ்வளவு கொள்கிறதோ அவ்வளவு.


ஞாயிறு. ஆராதனைக்கு மணி அடிப்பதற்குள் ஆலயத்துப் பெட்டி பாதி நிறைந்திருக்கிறது. பொன்னி. ரேஷன் பச்சரிசி. யார் வீட்டிலிருந்தோ சீரகச் சம்பா. எல்லாம் கலந்து கிடக்கின்றன.

ஒன்றாக வடித்தால் ஒன்று குழையும், ஒன்று வேகாது. பெண்கள் ஐக்கியத்தில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. கஞ்சியாக வைத்துவிடுகிறார்கள்.


விழுப்புரம் சந்திப்பு. பொட்டலங்களோடு வந்திருக்கிறோம். சென்னை, விருத்தாசலம், கடலூர், புதுச்சேரி, காட்பாடி. ஐந்து பக்கமும் தண்டவாளம் பிரிகிறது.

ஏறுகிறவர்கள். இறங்குகிறவர்கள். இரண்டும் இல்லாத சிலர்.


சுவரோரம் ஒரு பெரியவர். பொட்டலத்துக்குக் கை நீட்டவில்லை. கீழே வை என்று கண்ணால் காட்டுகிறார்.

வைக்கிறேன். வைத்த பிறகும் கை அங்கேயே நிற்கிறது.

எதையோ எதிர்பார்க்கிறது கை. தெரிகிறது. தெரிந்ததும் மெல்லத் திரும்புகிறது.


காட்பாடி வண்டி வந்து நிற்கிறது. ஜன்னலோரங்களில் மடிமேல் ஸ்கேன் உறைகள். வேலூருக்குப் போகிறவர்கள். சி.எம்.சி. என்ற மூன்றெழுத்து போதும், யாரும் மேற்கொண்டு விசாரிப்பதில்லை.

அந்த ஆஸ்பத்திரியின் முதல் இரவு வேலூரில் இல்லை. திண்டிவனத்தில்.


1890கள். அமெரிக்கன் ஆற்காடு மிஷன் பங்களா. விளக்கு எரிகிறது. ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண், நோயுற்ற தாய்க்குத் துணையாகக் கடல் தாண்டி வந்திருக்கிறாள். தாத்தா மருத்துவ மிஷனரி. அப்பாவும் அப்படியே. அவளுக்கு அதில் மனமில்லை. திரும்பிப் போக வேண்டும், அவ்வளவுதான்.

கதவு தட்டப்படுகிறது. ஒரு பிராமணர். மனைவிக்குப் பிரசவ வேதனை.

மறுபடி. ஒரு முஸ்லிம்.

மறுபடி. இன்னொரு இந்து.

வீட்டில் டாக்டர் இருக்கிறார். ஆனால் ஆண். ஐடா பெண். ஆனால் டாக்டர் இல்லை. மூவரும் இருட்டில் திரும்பிப் போகிறார்கள்.

விடிகிறது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்று செய்தி வருகிறது.


அதற்குப் பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரியும். 1899இல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம். 1900இல் வேலூர். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

என் பேனா அதற்கு முன்னால் நின்றுவிடுகிறது. சொல்லிச் சொல்லி வந்த கதையில் வாசலுக்கு வந்தவர்களுக்குச் சாதி உண்டு, மதம் உண்டு. உள்ளே வலித்துக்கொண்டிருந்த மூவரின் பெயர் இல்லை.

திண்டிவனத்தில் எந்தத் தெருவாக இருக்கும்.


முண்டியம்பாக்கம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பினாயில், ஈரத் துணி, பழைய பிரெட்.

துணைக்கு ஆள் இல்லாத கட்டில்களைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளலாம். கீழே தூக்குவாளி இருக்காது. செருப்பு இருக்காது.


வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் இருவராகவே வருகிறார்கள். 1833இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாம் என்ற மாணவரும் நண்பர்களும் தொடங்கியது. ஏழையின் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, இருவராகப் போவது. அந்த வழக்கம் தென்னாற்காட்டுப் பங்குகள்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

ஒருவர் பேசுகிறார். மற்றவர் கட்டிலோரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார். சும்மா இருப்பவர் இருக்கும் பக்கம்தான் நோயாளியின் முகம் திரும்புகிறது.


கேஸ் ஷீட்டில்: அடையாளம் தெரியாத ஆண். வயது சுமார் அறுபது.

பெயர் கேட்கிறார்கள். பதில் இல்லை. ஆரஞ்சு உரித்துக் கொடுக்கிறார்கள். அடுத்த முறை கேட்கும்போது ஒரு பெயர் சொல்கிறார். அதற்கடுத்த முறை வேறொன்று.

இரண்டையும் எழுதிக்கொள்கிறார் சபைக்காரர். எது சரி என்று கேட்கவில்லை.


திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலை. உப்பளங்கள் வருவதற்கு வெகு முன்பே வேன் நிற்கிறது. சவுக்குத் தோப்புக்குள் நடை. காலடியில் ஊசிச் சருகு வழுக்குகிறது.

ஏரிப் புறம்போக்கு. இருளர் வீடுகள். தார்ப்பாய், பனையோலை, பழைய பேனர் துணி. பேனரில் பாதி முகம், யாருடைய பிறந்தநாளோ.

சில வீடுகள் காலி. செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பமாகப் போயிருக்கிறார்கள். பூட்டவில்லை. பூட்டக் கதவு இல்லை.

கொத்தடிமை முறையை ஒழித்த சட்டம் 1976இல் வந்தது. முன்பணம் மட்டும் அதே பெயரோடு நிற்கிறது.


இறக்குகிறார்கள். அண்டா, கரண்டி, தையல் இலை, தண்ணீர் கேன். வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் வரிசையாக உட்காரச் சொல்கிறார்கள். குழந்தைகள் வரிசையில் உட்காராமல் அண்டாவைச் சுற்றி நிற்கிறார்கள். யாரோ ஜெபம் சொல்கிறார். ஆவி மேலே போகிறது.

ஒரு கிழவி மட்டும் எழுந்து வரவில்லை.

"சோறு கெடக்கட்டும்மா. மனு எழுதத் தெரிஞ்சவுங்க யாராச்சும் வந்திருக்கீங்களா?"

கரண்டிகள் ஒரு கணம் நிற்கின்றன.

ஓய்வுநாள் பள்ளி வாத்தியாரின் சட்டைப்பையில் ஒரு பேனா இருக்கிறது.


பேரன் எட்டாவது படிக்கிறான். பழங்குடிச் சான்றிதழ் இல்லை. பள்ளியில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வேண்டும். அறிக்கை வட்டாட்சியர் வழியாகப் போக வேண்டும். கையெழுத்து சார் ஆட்சியருடையது. அப்பாவுக்குச் சான்று இருக்கிறதா என்று கேட்கிறார்கள். தாத்தாவுக்கு? தாத்தாவுக்கு வீடே இருந்ததில்லை.

தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் ஆறில் இருளரும் உண்டு. தாங்கள் அந்த ஆறில் ஒன்று என்று காட்டத்தான் தாள் வேண்டியிருக்கிறது.


கிழவி சொல்லச் சொல்ல வாத்தியார் எழுதுகிறார். சொல்லாத இடங்களில் பேனா காத்திருக்கிறது. கடைசியில் கைநாட்டு. மை இல்லை. அண்டாவின் அடிக்கரியைத் தொட்டு வைக்கிறாள்.

அது செல்லுமா என்று தெரியவில்லை. யாரும் கேட்கவில்லை.

பிறகு இலை முன் உட்கார்கிறாள். நிதானமாகச் சாப்பிடுகிறாள். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்கிறாள்.


கைபேசி ஒன்று உயர்கிறது. தாழ்கிறது. காணிக்கை கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் அல்லவா என்கிறார் ஒருவர். அதுவும் சரிதான்.

படத்தில் அண்டா நன்றாக விழுந்திருக்கிறது.


திண்டிவனத்தில் இருளர் மனுக்களோடு அலுவலகப் படியேறி அலுக்காத ஒருவர் உண்டு. ஆலயத்திலிருந்து வந்தவர் அல்ல. பேராசிரியர் பிரபா கல்விமணி. ஊர் வாயில் இன்னும் கல்யாணிதான். 1993இல் ஓர் இருளப் பெண்ணுக்குக் காவலர்கள் இழைத்த கொடுமையிலிருந்து தொடங்கிய அலைச்சல், பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமாக நிலைத்திருக்கிறது.

ஜெபம் இல்லை. அண்டா இல்லை. கோப்புகள்.

சபையில் அவர் பேச்சு வரும்போது சிலருக்குக் கொஞ்சம் கூச்சம். அந்தக் கூச்சத்தை விரட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.


திங்கள்கிழமை. விழுப்புரம் ஆட்சியர் அலுவலகம். மக்கள் குறைதீர்க்கும் நாள்.

வேப்பமரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர்கள். வாசலில் போலீஸ் பைகளைத் திறந்து பார்க்கிறது, மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று. கிழவியின் மஞ்சள் பையில் வெற்றிலை.

வாத்தியார் வந்திருக்கிறார். அரைநாள் விடுப்பு. மற்றவர்களுக்கு வேலை.

சேவை ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கிறது. அலுவலகங்கள் திங்கள்கிழமைகளில் திறக்கின்றன.


காத்திருத்தல். நாற்காலியின் இரும்பு தொடையில் சில்லிடுகிறது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கிறீச்சிடுகிறது.

கிழவி தரையில் உட்கார்ந்திருக்கிறாள். நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. உட்காருங்கம்மா என்கிறார் வாத்தியார். இருக்கட்டும் சாமி என்கிறாள்.

கொஞ்ச நேரத்தில் வாத்தியாரும் தரைக்கு இறங்குகிறார். அவள் சற்றே நகர்ந்துகொள்கிறாள். இடம் கொடுக்கவா, தள்ளி இருக்கவா.


எறையூர். அப்போது விழுப்புரம் மாவட்டம், இப்போது கள்ளக்குறிச்சி. பெரிய மாதா கோயில். ஒரே மறை, ஒரே பூசை. கல்லறைக்குப் போகும் பாதை இரண்டு.

தலித் கிறித்தவர்கள் சம இடம் கேட்கிறார்கள். தனிப் பங்கு கேட்கிறார்கள். 2008 மார்ச். கலவரம், துப்பாக்கிச்சூடு. இரண்டு பேர் சாகிறார்கள்.

வேன் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டியவர்கள் என்று பட்டியல் எழுதும்போது, அடுத்த பெஞ்சு அதில் வருவதில்லை.


சாதிக்கு விட்டுக்கொடுத்துப் போகும் தன் மிஷனோடு ஒத்துப்போகாமல் பிரிந்து வந்தவர் கார்ல் ஓக்ஸ். மேல்பட்டாம்பாக்கம் பக்கத்தில் தனியே தொடங்குகிறார். 1860கள். டேனிஷ் மிஷன் அவர் வழியாகவே அன்றைய தென்னாற்காடு மாவட்டத்துக்குள் வருகிறது, ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக வளர்கிறது.

அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. யாரும் சத்தமாகப் போடுவதில்லை, அவ்வளவுதான்.


சித்திரை. கூவாகத் திருவிழா. விழுப்புரம் விடுதிகள் திருநங்கைகளால் நிறைகின்றன. பூ விலை ஏறுகிறது.

ஆலய அறிவிப்புப் பலகையில் விடுமுறை வேதாகமப் பள்ளி.


2024, நவம்பர் 30 இரவு. ஃபெஞ்சல் புயல். காற்று முதலில் சத்தமாக இருக்கிறது. பிறகு மழையைத் தவிர வேறு சத்தமே இல்லை.

விடிந்தால் மயிலத்தில் 51 சென்டிமீட்டர். ஒரே நாளில். திங்கள்கிழமை தென்பெண்ணை கரை தாண்டுகிறது. அரசூர் பக்கம் நெடுஞ்சாலைமேல் ஆறு ஓடுகிறது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தடியில் வெள்ளம். ரயில் நிற்கிறது.

புயலுக்கு மறுநாள் ஞாயிறு. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு.


பள்ளிகள், கல்யாண மண்டபங்கள், ஆலயக் கூடங்கள் திறக்கப்படுகின்றன. பெஞ்சுகள் ஓரம் போகின்றன. ஈரப் பாய், ஈரப் பிள்ளைகள், ஈர ஆடு ஒன்று.

ஆட்டை வெளியே கட்டச் சொல்கிறார் ஒருவர். யாரும் கட்டவில்லை.


கஞ்சி. ஊறுகாய். பால் பவுடர். யார் வீட்டுப் போர்வை என்று தெரியாத போர்வைகள். நேற்றுவரை பொட்டலம் கட்டியவர்கள் சிலர் இன்று தட்டேந்தி நிற்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர்.

வாங்கத் தெரியவில்லை அவர்களுக்கு. தட்டைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கிறார்கள். பார்வை வேறெங்கோ.

ரயிலடிப் பெரியவரின் கண் நினைவுக்கு வருகிறது. வந்து, போகிறது.


வெயில். பெஞ்சுகள் பழைய வரிசைக்குத் திரும்புகின்றன. தரையில் சேற்றுக் கோடு. துடைத்தாலும் லேசாகத் தெரிகிறது.

யாருக்கு எந்த பெஞ்சு என்பது மாறவில்லை.


கிழவியின் மனுவுக்கு ரசீது இருக்கிறது. சான்று இல்லை. விசாரணைக்கு வந்த நாளில் குடும்பம் ஊரில் இல்லையாம். சூளையில் இருந்திருக்கிறார்கள். மறுபடி மனு. ரேஷன் கார்டு நகல், ஆதார் நகல், பள்ளிச் சான்று நகல். ஒவ்வொன்றும் மூன்று.

அதே ஏரிக்கரையிலிருந்து இன்னும் சில குடும்பங்கள் வாத்தியாரைத் தேடி வருகின்றன.


சேகரக் கமிட்டி. டீ, வடை. மழைநீர் இறங்கிய கூரைக்கு எஸ்டிமேட். கிறிஸ்துமஸ் பாடல் பவனிக்கு வேன்.

ஜெராக்ஸ் செலவு என்று ஒரு சீட்டை நீட்டுகிறார் வாத்தியார். பொருளாளர் கண்ணாடியைக் கழற்றிப் பார்க்கிறார். இதைப் பிடியரிசிக் கணக்கில் எழுத முடியாது என்கிறார், அது சாப்பாட்டுக்கு என்று வாங்கியது. ஊழியக் கணக்கில் எழுதலாமே என்கிறார் ஒருவர். ஊழியம் என்றால் சுவிசேஷம், இது தாலுக்கா ஆபீஸ் வேலை என்கிறார் இன்னொருவர். பெண்கள் ஐக்கியத்து அம்மா, அரிசியில் கொஞ்சத்தை விற்றுக் கொடுத்தால் ஆகாதா என்று கேட்கிறார்.

கலந்த அரிசியை யார் வாங்குவார்கள்.

பேச்சு நீள்கிறது. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கிறார்கள்.