காட்டினால் மட்டும் போதுமா?

சிவஞானபோதத்தின் 11-ஆம் சூத்திரத்தை ஒரு கம்ப்யூட்டர் கேமை வைத்துப் பேசப் போகிறேன். எங்கள் சித்தாந்த வகுப்பின் மூத்தவர்கள் சிலருக்கு இது பிடிக்காது என்று தெரியும். இருந்தாலும், பல ஆண்டுகளாக எனக்குப் பிடிபடாமல் இருந்த ஓர் இடம் அந்த விளையாட்டில்தான் விளங்கியது. அதை மறைப்பது நியாயமில்லை.

13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் சைவ சித்தாந்தம் முழுவதையும் அடக்கிவிட்டார். 11-ஆவது சூத்திரம் பார்வையைப் பற்றிப் பேசுகிறது. கண் தானாக எதையும் பார்ப்பதில்லை. உயிர் கண்ணோடு நின்று அதற்குக் காட்டுகிறது, தானும் காண்கிறது. மனம் வேறெங்கோ இருக்கும்போது, திறந்த கண்ணுக்கு நேரே ஒருவர் வந்து நின்றாலும் தெரிவதில்லையே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். உயிருக்கு இறைவனும் அப்படியே. அவன் உயிருக்குக் காட்டுகிறான், உயிரோடு நின்று தானும் காண்கிறான். ஆசிரியர்கள் இதைக் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று பிரித்துச் சொல்வார்கள்.

காட்டும் உபகாரம் எனக்கு எளிதாகவே விளங்கியது. சிக்கல் மற்றதில். எல்லாம் அறிந்தவன் என்னோடு சேர்ந்து எதற்காகக் காண வேண்டும்? காட்டிவிட்டால் மீதியை நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா? வகுப்பில் இதைக் கேட்டால் உரையாசிரியர்களின் விளக்கம் வரும். கேட்டுக்கொள்வேன். உள்ளே இறங்காது.

என் தங்கை மகன் நான்காம் படிவம் படிக்கிறான். பள்ளி விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவன், என் கம்ப்யூட்டரில் ஒரு ரோல் பிளேயிங் கேமை ஏற்றி, "மாமா, விளையாடிப் பாருங்க" என்றான். கேமின் பெயர் இங்கே வேண்டாம். கையில் வாளோடு ஒரு வீரன், இடிந்த கோட்டை, அதற்குள் விதவிதமான அரக்கர்கள். வீரனின் முதுகுக்குப் பின்னால் கேமரா தொடர்ந்து வரும். இடக்கை விரல்கள் கீபோர்டில் டபிள்யூ, ஏ, எஸ், டி எழுத்துகளின் மேல் இருக்கும், அவற்றால்தான் நடக்க வேண்டும். வலக்கை மவுஸில், அதை அசைத்தால் கேமரா திரும்பும்.

இவ்வகைக் கேம்களில் டபிள்யூவை அழுத்தினால் வீரன் தன் முகம் இருக்கும் திசையில் போவதில்லை. கேமரா எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையில் போகிறான். கோட்டையில் ஒரு பள்ளத்தின் குறுக்கே ஒற்றை உத்தரம் கிடந்தது. அதன்மேல் நேராக நடந்துகொண்டிருந்தேன். பாதி வழியில் பக்கத்துச் சுவர் கேமராவை இடித்தது, கேமரா தானாகக் கொஞ்சம் திரும்பியது. டபிள்யூவை அழுத்தியிருந்த என் விரல் அசையவே இல்லை. வீரன் பக்கவாட்டில் ஓரடி வைத்துப் பள்ளத்தில் விழுந்தான்.

எனக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல. மவுஸை மேசையில் தட்டினேன். ஆனால் அந்த விழுகை ராத்திரி வெகுநேரம் மனத்தில் ஓடியது. இச்சை மாறவில்லை, விரலும் மாறவில்லை. பார்வை மட்டும் என்னைக் கேட்காமல் திரும்பியது, அதோடு செயலும் வேறாகிவிட்டது. இச்சை, ஞானம், கிரியை மூன்றும் உயிருக்கு உண்டு என்று மனப்பாடமாகச் சொல்கிறோம். நடுவில் நிற்கும் ஞானம் ஓரங்குலம் புரண்டால் கிரியை எவ்வளவு தூரம் போய் விழும் என்பதை நான் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை.

கேமரா ஏன் தானாகத் திரும்புகிறது என்று மருமகன் விளக்கினான். வீரனுக்கும் கேமராவுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்றை நிரல் ஓயாமல் போட்டுக்கொண்டே இருக்கும். கோட்டின் நடுவே சுவர் வந்தால், கேமராவைச் சுவருக்கு இந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். அகன்ற வெளியில் இதனால் தொந்தரவு இல்லை. குறுகிய அறையில் கேமரா வீரனின் பிடரியோடு ஒட்டிக்கொள்ளும், எதிரியைத் தவிர மற்ற எல்லாம் திரையில் தெரியும். டார்க் சோல்ஸ் கேமில் காப்ரா டீமன் என்ற அரக்கனோடு போரிடும் சின்ன முற்றம் இதற்காகவே பேர்போனது. அந்தக் கேம் 2012-இல் கம்ப்யூட்டருக்கு வந்தபோது, கீபோர்டில் விளையாடுகிறவருக்கும் கேம்பேட் பொத்தான்களின் படத்தையே காட்டியது. திரைத் துல்லியமும் குறைவு. டுரான்டே என்ற புனைபெயர் கொண்ட ரசிகர் ஒருவர், அது வெளிவந்த கையோடு, துல்லியக் குறையைத் தீர்க்கும் சிறு நிரலை எழுதி இலவசமாகக் கொடுத்தார்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உடல், கருவிகள், உலகம், அனுபவம் இந்த நான்கையும் தனு, கரண, புவன, போகம் என்கிறது சித்தாந்தம். வினைக்கு ஏற்ப, உயிர் பக்குவப்படுவதற்காக, இறைவன் கருணையால் தருபவை இவை. கேமிலும் ஓர் உடல் தருகிறார்கள், கருவி தருகிறார்கள், உலகமும் அனுபவமும் தருகிறார்கள். அதனால் கேம் செய்தவரை இறைவன் இடத்தில் வைத்துப் பேசும் ஆசை உடனே வருகிறது. அது தவறு. மோசமான கேமராவும் குறைந்த துல்லியமும் மனிதர் செய்த பிழைகள், அவற்றை மனிதர்தான் திருத்த வேண்டும், திருத்தவும் முடியும் என்பதை அந்த ரசிகர் காட்டிவிட்டார். மனிதர் செய்த கோளாறையெல்லாம் வினை என்று சொல்லிச் சும்மா இருப்பது சித்தாந்தம் ஆகாது. நம் சமூகத்தில் இந்தப் பழக்கம் அளவுக்கு மீறி இருக்கிறது. அது எனக்கு வருத்தம்.

கேமராவைக் காட்டுகிற ஒருவராகவே கற்பனை செய்த கேமும் உண்டு. 1996-இல் வந்த சூப்பர் மாரியோ 64-இல் லக்கிட்டு என்ற சிறு பிராணி மேகத்தில் ஏறிக்கொண்டு, தூண்டில் கோலில் கேமராவைத் தொங்கவிட்டபடி மாரியோவின் பின்னால் வருகிறது. விளையாடும்போது அது கண்ணில் படாது. கோட்டையில் பெரிய கண்ணாடி உள்ள அறைக்குள் போனால் மட்டும், மாரியோவுக்குப் பின்னே மிதப்பது கண்ணாடியில் தெரியும். மருமகன் அந்தக் காட்சியைக் காட்டியபோது எனக்கு ஜொகூர் பாருவின் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில் நினைவுக்கு வந்தது. அங்கே சுவரிலும் கூரையிலும் பதித்த கண்ணாடித் துண்டுகளில் நம் முகம் நூறாகச் சிதறித் தெரியும். நமக்குக் காட்டிக்கொண்டிருப்பவர் அந்தத் துண்டுகள் ஒன்றிலும் அகப்படமாட்டார்.

நான் விளையாடிய கேமில், உத்தரத்தைத் தாண்டிய பிறகு தூண்கள் நிறைந்த ஓர் அறை வந்தது. உள்ளே கோடரி ஏந்திய அரக்கன். எதிரியின் மேல் கேமராவைப் பூட்டி வைக்க ஒரு பொத்தான் உண்டு. பூட்டினால் பார்வை அவனை விட்டு விலகாது. நான் பூட்டிக்கொண்டு போரிட்டேன். ஒவ்வொரு முறையும் கேமரா தூணுக்குப் பின்னால் சிக்கும், கோடரி வருவதே தெரியாது. மருமகன் பக்கத்து நாற்காலியில் வாழைப்பழ வறுவலைக் கொறித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் சொன்னான்: "லாக்கை விடுங்க மாமா. இடது பக்கம் படி இருக்கு பாருங்க, அதுல ஏறுங்க."

அவன் மவுஸைத் தொடவில்லை. கேமரா அசையவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த அதே திரையைத்தான் அவனும் பார்த்தான். படி திரையின் ஓரத்தில் தொடக்கத்திலிருந்தே இருந்தது. கேமரா அதை எனக்குக் காட்டிக்கொண்டேதான் இருந்தது, நான்தான் காணவில்லை. இன்னொருவன் என்னோடு அமர்ந்து கண்டபோது எனக்கும் தெரிந்தது.

காணும் உபகாரம் எனக்கு விளங்கிய இடம் இதுதான். காட்டிவிட்டால் மீதியை நான் பார்த்துக்கொள்வேன் என்று நினைத்திருந்தேன் அல்லவா? அந்த மீதியே உயிரால் தனியாக ஆகாத காரியம் என்கிறார் மெய்கண்டார். எதிரே கிடப்பதைக்கூட ஒருவர் உடன் நின்று கண்டால்தான் உயிர் காணும். கேமைச் செய்தவர் காட்டுவதோடு போய்விட்டார். நான் தூணில் முட்டிக்கொண்டு நிற்கும்போது அவர் என்னோடு பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. இறைவன் காட்டிவிட்டுப் போகிறவன் அல்லன் என்பதுதான் அந்தச் சூத்திரத்தின் உயிர்நாடி.

பரந்த காட்சி கிடைத்தால் எல்லாம் தெளிந்துவிடும் என்று நினைப்பதும் இதே பிழை. வீரனின் முதுகை விட்டு மேலே போய்க் களம் முழுவதையும் பார்க்கும் வசதி 2006-இல் வந்த நெவர்வின்டர் நைட்ஸ் 2 போன்ற கேம்களில் உண்டு. கீதையின் 11-ஆம் அத்தியாயத்தில் அர்ச்சுனனுக்குக் கிடைத்தது அதைவிடப் பெரியது. கண்ணன் தெய்வீகக் கண் கொடுத்து அனைத்தையும் காட்டினான். அர்ச்சுனன் நடுங்கினான், பழைய உருவத்தையே மறுபடி கேட்டான். தேரில் தன் முன்னால் அமர்ந்து கடிவாளம் பிடிக்கும் நண்பன் அவனுக்கு வேண்டியிருந்தது. அதே போரில் வியாசர் கொடுக்க முன்வந்த பார்வையைத் திருதராஷ்டிரன் மறுத்தான். சஞ்சயன் பார்த்துச் சொன்னதை அரண்மனையில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டான், கடைசி வரை ஒன்றையும் காணவில்லை.

முண்டக உபநிடதத்தில் ஒரே மரத்தில் இரண்டு பறவைகள். ஒன்று பழத்தைத் தின்கிறது, மற்றது பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறது. வேதாந்த நண்பர்கள் இதை எடுத்து, இறை வெறும் சாட்சி என்பார்கள். அவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. தூணில் முட்டி நிற்பவனுக்குச் சாட்சியால் ஆவது ஒன்றுமில்லை. அவனுக்கு உடன் நிற்பவர் வேண்டும்.

மருமகன் உவமை ஓரளவுக்குத்தான் பொருந்தும் என்பதும் உண்மை. அவன் வேறு ஆள், அவன் கண் வேறு, அவன் நாற்காலி வேறு. இறைவனோ உயிரோடு ஒன்றாய், வேறாய், உடனாய் நிற்கிறான் என்று 2-ஆம் சூத்திரத்துக்குப் பொருள் சொல்வார்கள். அந்த ஒன்றாய் நிற்றலை எந்த விளையாட்டாலும் காட்ட முடியாது. உடனாய் நிற்றலை மட்டும் கொஞ்சம் தொட்டுக் காட்டலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபங்களில் சமய வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேம் விளையாடும் பிள்ளைகளைக் கெட்டுப்போனவர்கள் என்று பேசி விரட்டாதீர்கள். திருமுறை ஓதும் விழாவுக்குப் பாட்டு மனப்பாடம் செய்ய வரும் பிள்ளைகளில் பலர் ராத்திரி இதைத்தான் விளையாடுகிறார்கள். அவர்களிடம், கேமரா சுவரில் இடித்தபோது என்ன ஆயிற்று, பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருந்தார்களா என்று கேளுங்கள். அவர்கள் சொல்லி முடித்த பிறகு 11-ஆம் சூத்திரத்தை எடுங்கள்.