மலையை வரைகிறவனின் கடன்

மலையை ஓவியமாக எழுதுகிறவன் தன் கண் கண்டதை மட்டுமே எழுதக் கடமைப்பட்டவனா? அல்லது அம்மலையைப் பற்றி மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதையையும், அதன் அடிவாரத்தில் நடந்தேறிய வரலாற்றையும் சேர்த்தெழுத அவனுக்கு உரிமை உண்டா? உண்டெனில் அவ்வுரிமைக்கு எல்லை எது? இவை கலைஞர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்விகள் என்று தோன்றலாம். ஆனால் வாசுதேவநல்லூர் போன்றதோர் ஊரில் நின்று கேட்கும்போது, இவை அறநெறிக் கேள்விகளாகவே மாறிவிடுகின்றன.

மேற்குத் தொடர்ச்சி மலை இவ்வூருக்குப் பின்னணி மட்டுமன்று. ஊரின் நாள்கணக்கையே அதுதான் எழுதுகிறது. கதிரவன் மலைக்குப் பின்னே இறங்கியதும் வயல்வெளியில் நிழல் நீண்டு பரவ, இங்கே மாலை சற்று முன்னதாகவே வந்துவிடும். ஆனி, ஆடி மாதங்களில் மேகங்கள் முகட்டைத் தழுவி நிற்கும். தெற்கே குற்றாலத்தில் சாரல் பொழிய, இங்கோ காற்று மட்டும் இறங்கிவரும் நாள்கள் பல. தலையணையில் நீர் விழும் ஓசை கேட்கும் காலம் வந்தால் உழவர் முகம் மலரும். இதை வரைய ஆசைப்படாத இளைஞன் இருப்பானா?

ஆனால் இம்மலை வெறும் பாறையும் பசுமையும் மட்டுந்தானா? 1759ஆம் ஆண்டின் இறுதியில் யூசுப்கான் வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கித் தோற்றுத் திரும்பினார். 1767இல் கர்னல் டொனால்டு காம்பெல் தலைமையில் கும்பெனிப் படை மீண்டும் வந்தது. பீரங்கிகளுக்கு எதிரே அந்த மண்கோட்டை எதிர்பாராத உறுதியோடு நின்றது. இறுதியில் உள்ளிருந்தோர் மலைக்காடுகளுக்குள் பின்வாங்கினர். இது வரலாறு. இதனருகிலேயே கதையும் வாழ்கிறது. நெல்லை வரியாகக் கட்ட மறுத்ததால் ஊர் நெற்கட்டான்செவல் என்று பெயர் பெற்றதாக மக்கள் கூறுவர். சிறைப்பட்ட புலித்தேவர் சங்கரன்கோவில் ஆலயத்தில் வழிபட, விலங்குகள் தெறித்துவிழ, ஒளியினூடே மறைந்தார் என்பர். போரில் வயிறு கிழிந்த வெண்ணிக் காலாடி, சரிந்த குடலைத் தலைப்பாகைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு மீண்டும் போரிட்டான் என்பர். இவற்றுள் எது நடந்தது, எது நடந்ததாக நம்பப்பட்டது என்று பிரித்துக் கூறுவது வரலாற்றறிஞர் பணி. தூரிகை ஏந்தியவன் என்ன செய்வான்?

கண்ணை மட்டும் நம்பியவர்களுக்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. தாமஸ் டேனியல் என்ற ஆங்கில ஓவியரும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து பாபநாசத்து அருவியை வரைந்தனர். 1795 முதல் 1808 வரை இலண்டனில் வெளியான அவர்களுடைய இந்தியக் காட்சித் தொகுப்பின் 144 படங்களுள் அதுவும் ஒன்று. காட்சியைத் தாள்மேல் விழச்செய்யும் இருட்டறைக் கருவியையும் அவர்கள் பயன்படுத்தினர். அவ்வளவு துல்லியத்தை விரும்பியவர்கள். அவர்களுடைய உழைப்பும் நேர்மையும் போற்றத்தக்கவை. ஆயினும் அப்பாறையையும் நீரையும் காண்பவருக்கு, 25 ஆண்டுகளுக்கு முன்பு இம்மலைத் தொடரின் அடிவாரத்தில் பீரங்கிகள் முழங்கின என்பது தெரியாது. ஏழே ஆண்டுகளில், 1799இல், கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்படுவார் என்பதற்கான இறுக்கமும் தெரியாது. படம் பொய் சொல்லவில்லை. ஆனால் விருந்தினராய் வந்தவர் ஒரு வீட்டின் முன்முற்றத்தை மட்டும் பார்த்துப் புகழ்ந்துவிட்டுப் போனதைப் போன்றதோர் உண்மை அது.

தமிழ் மரபு இத்தகைய ஆளற்ற நிலத்தை அறியாது. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்தபோதே, நிலத்தையும் அதில் வாழும் உயிர்களையும் மனித மனத்தின் உணர்வையும் பிரிக்க முடியாதபடி பிணைத்துவிட்டது. குறிஞ்சி என்றதும் நாம் உயரத்தையா எண்ணுகிறோம்? தினைப்புனம், தேன், வேலன், காதலர் கூடல் ஆகிய அனைத்தும் அன்றோ நினைவுக்கு வருகின்றன! மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சியில், மலையை வருணிப்பவர் கவிஞரல்லர், குறத்தி. எங்கள் மலை என்று உரிமையோடு பேசுகிறாள் அவள். (அந்தக் குரலையும் எழுதியவர் கவிராயர்தானே என்று கேட்போர் உண்டு. உண்மைதான். எனினும் யாருடைய வாயில் அச்சொல் பொருந்தும் என்பதை அவர் அறிந்திருந்தார்.) குற்றாலத்துச் சித்திர சபையிலோ ஆடல்வல்லானே சுவரில் ஓவியமாக நிற்கிறார். வாயிலுக்கு வெளியே மலை நிமிர்ந்து நிற்கையில், உள்ளே சுவரெங்கும் புராணம் வண்ணமாய் நிறைந்திருக்கிறது.

அப்படியானால் கதையைச் சேர்ப்பதே சரி என்று முடித்துவிடலாமா? அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. அதை நன்கு விளங்கிக்கொள்ளச் சற்றுத் தொலைவு செல்வோம். பிரிட்டன் தீவின் மேற்கே உள்ள வேல்ஸ் ஒரு சிறிய மலைநாடு. தனக்கென மொழியும் பாணர் மரபும் உடையது. 1282இல் அதன் இளவரசர் லூயலின் கொல்லப்பட, இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு அந்நாட்டை வென்றடக்கினார். அம்மன்னர் வேல்ஸ் பாணர் அனைவரையும் கொன்றொழிக்கக் கட்டளையிட்டார் என்றொரு கதை பிற்காலத்தில் வழங்கலாயிற்று. அதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. ஆனால் வேல்ஸ் நாட்டவரான தாமஸ் ஜோன்ஸ் 1774இல் அதையே ஓவியமாக்கினார். செங்குத்தான பாறை விளிம்பில் யாழேந்தி நிற்கிறார் கடைசிப் பாணர். தம் இனத்தார் மாண்டுகிடக்க, அவரும் பாய்ந்துவிடப் போகிறார். பின்னணியில் பழங்காலக் கல்வட்டம் ஒன்று. அதன் மாதிரியோ இங்கிலாந்தின் சமவெளியிலுள்ள ஸ்டோன்ஹெஞ்ச்! நடக்காத நிகழ்ச்சி, பெயர்த்து வைத்த கற்கள். எனினும் ஆட்சியையும் மொழியின் மதிப்பையும் இழந்த ஒரு மக்களினத்தின் துயரம் அப்படத்தில் மெய்யாகவே இருக்கிறது.

ஜோன்ஸின் ஆசிரியரான ரிச்சர்டு வில்சன் வேல்ஸின் ஸ்னோடன் மலையை ஏரியோடு சேர்த்து அமைதியாக வரைந்தவர். பாணனும் இல்லை, பிணமும் இல்லை. ஆனால் இத்தாலியில் கற்ற ஒழுங்கிற்கேற்ப, அவரும் மலையின் வடிவைச் சீராக்கித்தான் வரைந்தார். கண்ணை மட்டும் நம்புகிறேன் என்பவரும் எதையோ கூட்டுகிறார், எதையோ விலக்குகிறார். ஆதலால் கூட்டலாமா கூடாதா என்பதன்று கேள்வி.

பின் எது? எட்டாம் கட்டளையை நாம் சிறுவயதில் பொய் சொல்லாதே என்று சுருக்கிப் படித்தோம். விவிலியத்தில் அது அவ்வளவு பொதுவாக இல்லை. அயலாருக்கு எதிராகப் பொய்ச்சான்று பகர்வதையே அது தடுக்கிறது. பொய்யின் அளவுகோல் கண்ணன்று, அயலார். இந்த வேறுபாடு கலைக்கு மிகவும் பயன்படுவது. ரஃபேல் தம் கடைசி ஓவியத்தில் ஆண்டவர் தோற்றம் மாறிய மலையைத் தீட்டினார். அது எந்த மலை என்று நற்செய்தியாளர் பெயர் குறிப்பிடவில்லை. தாபோர் என்பது மரபு. மேலே ஒளி வெள்ளத்தில் இயேசு. கீழே, அதே சட்டத்திற்குள், தீய ஆவியால் வதைபடும் சிறுவனும் அவனைக் குணமாக்க இயலாது தவிக்கும் சீடர்களும். நற்செய்தியில் இவ்விரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்பவை. ரஃபேல் ஒரே கணத்தில் வைத்தார். காலக்கணக்கில் தவறுதான். ஆனால் அத்தவற்றால் எவருக்கு இழப்பு? அடிவாரத்தில் அழுதுகொண்டிருந்த ஒரு தகப்பனுக்கு மாட்சியின் படத்தில் இடம் கிடைத்தது. நம் இளைஞர்கள் கிறிஸ்துமஸ் குடிலுக்குத் திரை எழுதும்போது பெத்லகேமுக்குப் பின்னே பொதிகையையும் நான்கு பனைமரங்களையும் நிறுத்துகிறார்களே, அதைப் பொய்ச்சான்று என்பார் உண்டோ?

நம் மலைகளுக்கோ இதனினும் கடுமையான சோதனை உண்டு. தென் மாவட்டங்களில் வீரர்களின் உருவங்கள் சுவரொட்டிகளிலும் வளைவுகளிலும் எப்படிப் பயன்படுகின்றன என்பதை வாசகர் அறிவர். ஒரு தெருவுக்குப் புலித்தேவர், மறு தெருவுக்கு ஒண்டிவீரன், இன்னொரு தெருவுக்கு வெண்ணிக் காலாடி என்று மலையே பங்கு போடப்படுகிறது. ஒண்டிவீரனுக்கு 2022இல் அஞ்சல்தலை வெளியாயிற்று; புறக்கணிக்கப்பட்ட மக்களின் நினைவு அரசேட்டில் ஏறியது நல்லதே. ஆனால் பழங்கதைகளைக் கேட்டுப் பாருங்கள்: இம்மூவரும் ஒரே பக்கம் நின்றவர்கள். காலாடியின் உயிர் பிரிந்தது புலித்தேவரின் மடியில் என்றே கதை சொல்கிறது. சாதியால் தள்ளி வைக்கப்பட்டவர்களும் பாளையக்காரரும் ஒரு கோட்டைக்காகக் குருதி சிந்தினர் என்பதுதான் அக்கதைகளின் உள்ளீடு. ஒருவரை மட்டும் மலையுச்சியில் நிறுத்தி மற்றவரைத் துடைத்துவிடும் ஓவியம், ஒவ்வொரு பாறையையும் உள்ளபடியே வரைந்திருந்தாலும், அயலாருக்கு எதிரான சான்றுதான். அன்று நடந்த கொடுமைகளை மறைத்து எல்லாரும் உடன்பிறப்புகளாய் வாழ்ந்தனர் என்று தேன்பூசிக் காட்டுவதும் அதே குற்றத்தின் மறுபக்கம். ஒன்றாய்ப் போரிட்டவர்கள் ஒன்றாய் உண்டார்களா என்ற கேள்வியைத் தூரிகை தவிர்க்க முடியாது.

இங்கே மற்றொரு வேல்ஸ் ஓவியரை நினைக்கிறேன். கிஃபின் வில்லியம்ஸ் (1918–2006). வலிப்பு நோயினால் படைப்பணியை விட நேர்ந்து, மருத்துவர் சொன்ன யோசனையால் ஓவியம் கற்கப் போனவர். கத்தியால் வண்ணத்தை அப்பி, கருமையும் சாம்பலுமாய்த் தம் நாட்டு மலைகளை எழுப்பினார். அவருடைய மலைச்சரிவுகளில் அரசரும் பாணரும் இல்லை. நாயோடு நடக்கும் ஆட்டுப்பண்ணை உழவர் இருக்கிறார். பழைய துயரம் முழுவதும் அந்த வண்ணத்தின் கனத்தில் ஏறியிருக்கிறது. தனியே ஒரு கதையாக அதை அவர் சொல்லவில்லை. ஜோன்ஸின் ஓவியத்தைவிட எனக்கு இதுவே நெருக்கமானது.

நாளை நம் இளைஞன் ஒருவன் வாசுதேவநல்லூர் மலையை வரைய முற்பட்டால், அவன் முதலில் கால் நோகச் சற்று நடக்கட்டும். மூன்று தெருக்களிலும் திண்ணையிலமர்ந்து மூன்று கதைகளையும் கேட்கட்டும். இம்மலைச் சரிவுகளில் வாழும் பளியரிடமும் போகட்டும். கோட்டையும் பாளையமும் வருமுன்பே காட்டை அறிந்தவர்கள் அவர்கள், எந்த வீரக்கதையிலும் அவர்களுக்குப் பெரிதாய் இடமில்லை. எலுமிச்சைத் தோட்டத்தில் கூலிக்குப் பழம் பறிக்கும் பெண்களையும் பார்க்கட்டும். இத்தனை பேரையும் வைத்தால் மலைக்கு இடம் போதாதே என்று அவன் சலித்துக்கொள்ளக்கூடும். இன்னும் பெரிய துணியாக வாங்கிக்கொள்ளட்டும்.