புல்லணையும் திருவணையும்

ஒரு சாலையில் எந்த வண்டி செல்லலாம் என்பது நிர்வாகத்தின் கேள்வி. அந்தச் சாலை தாங்கும் அளவுக்கு மேற்பட்ட பாரத்தோடு ஒருவர் செல்லலாமா, அவருடைய நோக்கம் உயர்ந்தது என்பதற்காக அந்தப் பாரம் குறைந்ததாக எண்ணப்படலாமா என்பது அறத்தின் கேள்வி. இரண்டாவது கேள்வியை ஆராய்வதற்கு இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரையைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அரிது. ஏனெனில் கடலைக் கடக்க வழி கேட்டுப் புல்லின்மேல் கிடந்த இராமனின் கதையும், அதற்கென அணை கட்டப்பட்ட கதையும், அந்த அணை உடைக்கப்பட்ட கதையும் இந்தக் கரையிலேதான் ஊர்ப்பெயர்களாகவும் கோயில்களாகவும் நிலைத்திருக்கின்றன, அவற்றின் ஊடாகவே இன்றைய தேசிய நெடுஞ்சாலை 87-உம் செல்கிறது.

சட்டம் இங்கே இரண்டு குற்றங்களைப் பிரித்துப் பார்க்கிறது, அந்தப் பிரிவு மேலோட்டமாகத் தோன்றுவதைவிட ஆழமானது. ஒன்று அளவு மீறல்: மத்திய மோட்டார் வாகன விதிகள் (1989) ஒரு வண்டிக்கு அனுமதிக்கும் அகலம் 2.6 மீட்டர், அனுமதித்த அளவுக்கு மேல் பக்கவாட்டிலோ முன்பின்னாகவோ உயரத்திலோ சரக்கு துருத்திக்கொண்டு நிற்குமானால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 20,000 ரூபாய் அபராதம். மற்றொன்று எடை மீறல்: அதற்கும் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய், மிகுதியை இறக்கி வைக்காமல் வண்டி நகரக் கூடாது என்ற கட்டளையும் உண்டு. அளவு மீறிய வண்டி எதிரே வருபவரின் இடத்தை அவர் கண்முன்னே பறிக்கிறது. அவர் ஒதுங்கலாம், திட்டலாம், வழக்குத் தொடுக்கலாம். எடை மீறிய வண்டியோ யாருடைய இடத்தையும் பறிப்பதாகத் தெரிவதில்லை, தார்ப்பாய்க்குள் அடங்கி மற்ற லாரிகளைப் போலவே போகிறது, அதனால் நேரும் கேடு பல மாதங்கள் கழித்து அந்த வழியில் வரும், அந்த லாரியைப் பார்த்தே இராத ஒருவரைச் சென்று சேர்கிறது.

கேடு எவ்வளவு என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், இதற்கென்றே அமைக்கப்பட்ட சாலைகளில் லாரிகளை ஓட்டிச் செய்யப்பட்ட சோதனையிலிருந்து, சாலையின் தேய்மானம் அச்சின்மேல் ஏறும் பாரத்தின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் வளர்கிறது என்ற விதி பெறப்பட்டது. நான்காம் அடுக்கு என்றால், ஓர் அச்சின் பாரம் இரு மடங்கானால் தேய்மானம் பதினாறு மடங்காகும். ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே கூட்டினாலும் தேய்மானம் இரு மடங்கைத் தாண்டிவிடும். ‘கொஞ்சம்தானே’ என்று சொல்லி ஏற்றப்படும் மூட்டையின் உண்மையான எடை எடைமேடையில் காட்டுவதைவிட மிக அதிகம் என்பது இதன் பொருள்.

வினைக்கொள்கையை ஏற்பவர்க்கு இங்கே ஓர் இடர்ப்பாடு எழுகிறது. சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுக்கும்: பல பிறவிகளில் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவியில் நுகரப்படுவது பிராரத்தம், நுகரும்போதே புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். சாலையும் தன்மேல் சென்ற ஒவ்வோர் அச்சின் அழுத்தத்தையும் சேர்த்து வைக்கிறது, அந்தச் சேமிப்பு ஒருநாள் பள்ளமாகத் திறக்கிறது. ஆனால் அதை நுகர்பவர் ஈட்டியவர் அல்லர், மழைநாளில் இருசக்கர வண்டியில் வரும் மீனவரோ ஆசிரியையோ ஆவார். ஈட்டியவருக்கே பயன் திரும்பும் என்ற நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு பொதுச்சாலையைக் காக்க முடியாது என்பதனாலேயே எடைமேடை தேவைப்படுகிறது என்று சொல்வது சித்தாந்தத்தை மறுப்பதாகாது. எல்லாவற்றையும் மறுபிறவிக்கு ஒத்திவைக்கும் சோம்பலை மறுப்பது மட்டுமே ஆகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 113-ஆம் பிரிவும் தன் வழியில் இதைத் தொடுகிறது: பாரம் மீறிய வண்டியின் ஓட்டுநர் அதன் உரிமையாளராக இல்லாதபோது, அக்குற்றம் உரிமையாளருக்குத் தெரிந்தோ அவர் ஏவியோ நடந்ததாக நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்கிறது. செய்தவனோடு செய்வித்தவனையும் சேர்த்துப் பார்க்கும் பழைய அறநூல் மனம் ஒரு போக்குவரத்துச் சட்டத்தில் பேசுவது வியப்புக்குரியது.

எல்லை எங்கே தொடங்குகிறது என்பது இன்னும் கடினமான கேள்வி. மயிலிறகே ஆனாலும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று திருக்குறளின் 475-ஆம் பாடல் சொல்வதை, எளிய பகைவரும் பலராய்த் திரண்டால் வலியவனை வீழ்த்துவர் என்ற அரசியல் அறிவுரையாகவே உரையாசிரியர்கள் விளக்கினர். அதைப் பாரத்தைப் பற்றிய பாடலாகவே படித்தால் வேறொன்று புலப்படும்: அந்த இறகுகளில் எதுவும் குற்றவாளி அன்று, எந்த ஒன்றையும் சுட்டி ‘இதுவே அச்சை முறித்தது’ என்று சொல்ல முடியாது. இயற்கை கோடு கிழிக்காத இடத்தில் மனிதர் கிழித்தாக வேண்டும். 2018 ஜூலையில் மத்திய அரசு இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியது. அதற்கு முன்பு குற்றமாக இருந்த 18 டன் அதன் பிறகு ஒழுங்காயிற்று. இதைக் காட்டி, வரம்பு என்பதே கற்பனை என்று வாதிடுவோர் உண்டு. வயல் வரப்பை இரு தரப்பும் கூடிப் பேசி நகர்த்தலாம். அதனால் இரவோடு இரவாக ஒருவன் மட்டும் மண்வெட்டியோடு வந்து அதை வெட்டலாம் என்று ஆகிவிடாது. ‘வரப்பு’, ‘வரம்பு’ என்ற இரு சொற்களும் தமிழில் இவ்வளவு நெருங்கி நிற்பது தற்செயலாக இருக்க முடியாது.

வாலிநோக்கம், மாரியூர்ப் பகுதியின் உப்பளங்களைப் பார்ப்பவர்க்குச் சங்ககால உப்பு வணிகரான உமணரின் நினைவு வருவது இயல்பு. மேடுபள்ளத்தில் அச்சு முறியக்கூடும் என்று முன்கூட்டியே எண்ணி, உப்பு வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு சென்ற அவர்களுடைய வழக்கத்தைப் புறநானூற்றின் 102-ஆம் பாடலில் ஔவையார் உவமையாக எடுத்தாள்கிறார். முறிவது தன் அச்சு என்றால் வணிகன் தானே எச்சரிக்கையாக இருப்பான், விதி வேண்டியதில்லை. முறிவது பிறருடைய பாலம் என்ற நிலை வந்த பிறகே விதி பிறக்கிறது.

தொடக்கத்தில் சுட்டிய கதைக்கு வருவோம். இராமநாதபுரத்துக்குத் தெற்கே உள்ள திருப்புல்லாணி, நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்று. தருப்பைப் புல்லின்மேல் பள்ளிகொண்ட இராமன் இங்கே தனிச்சன்னிதியில் இருக்கிறான். புல்லணை, அதாவது புல்லாலான படுக்கை, என்பதிலிருந்தே ஊர்ப்பெயர் வந்ததாகத் தல மரபு கூறும். வான்மீகி இராமாயணத்தின் யுத்த காண்டம் சொல்லும் செய்தி இது: பெருஞ்சேனையோடு கடற்கரைக்கு வந்த இராமன், கடலரசனிடம் வழி வேண்டி மூன்று இரவுகள் தருப்பையின்மேல் கிடந்தான். நோக்கம் அறமானது, காலமோ குறைவு, கேட்பவனோ மறுக்க முடியாத வலிமை உடையவன். ஆயினும் அவன் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறான். ‘நல்ல காரியத்துக்காகப் போகிறோம், நம்மை யார் நிறுத்துவது’ என்ற மனநிலைக்கு நேர் எதிரான நிலை இது. விலக்குக் கோருவதற்கு வேறு எவரையும்விட உரிமை உடையவனைக் கதை முதலில் வரிசையில் நிற்க வைக்கிறது.

கடலரசன் வரவில்லை, இராமன் சினந்து அம்பைத் தொடுத்த பிறகே வந்தான். இதைக் கொண்டு, முடிவில் வென்றது வலிமைதானே, அனுமதி வெறும் சடங்குதானே என்று ஒருவர் கேட்கலாம். இந்த ஐயத்துக்கு விடை கடலரசன் சொன்ன மொழியில் இருக்கிறது. நிலம், நீர், தீ, காற்று, வெளி ஒவ்வொன்றும் தத்தம் இயல்பில் நிற்கின்றன, ஆழமாகவும் கடக்க அரியதாகவும் இருப்பதே என் இயல்பு, ஆசையாலோ அச்சத்தாலோ அதை என்னால் மாற்றிக்கொள்ள இயலாது என்பது அதன் சாரம். அதாவது, தொடுத்த அம்பு கடலரசனை வரவழைத்ததே தவிர, கடலின் ஆழத்தை ஒரு விரற்கடைகூடக் குறைக்கவில்லை. அவன் தந்தது விலக்கு அன்று, வழிமுறை: உன் சேனையில் உள்ள நளன் கட்டட்டும், நான் தாங்குகிறேன் என்றான். நூறு யோசனை நீளம் ஐந்து நாட்களில், முதல் நாள் பதினான்கு, பிறகு இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்துமூன்று என்று கட்டி முடிக்கப்பட்டதாக வான்மீகி கணக்கும் தருகிறார்; ஒரு பொறியாளரின் அன்றாடக் குறிப்பேடு போன்ற இந்த வரிசை காவியத்தில் இடம்பெற்றிருப்பது தனிச்சுவை.

அந்த அம்பு என்ன ஆயிற்று என்பதைக் கதையைச் சொல்வோர் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். தொடுத்தது வீணாகக் கூடாது என்பதனால், கடலரசன் சுட்டிய துருமகுல்யம் என்ற வடதிசை நிலத்தின்மேல் அது ஏவப்பட்டது, அந்த நிலம் நீர் வற்றிப் பாலையாயிற்று. அங்கே வாழ்ந்தோர் தீயவர் என்று காவியம் காரணம் சொல்கிறது, இராமன் பின்னர் அந்நிலத்துக்கு வரமும் அளிக்கிறான். ஆயினும் தென்கரையில் பிறந்த பொறுமையின்மையின் சுமையை வேறு எங்கோ உள்ள ஒரு நிலம் சுமந்தது என்பது மாறவில்லை.

இனி அந்த அணைக்கு வழங்கும் சேது என்ற சொல்லைப் பார்க்கலாம். வடமொழியில் அது பாலத்தை மட்டும் குறிப்பதன்று, நீரைத் தடுக்கும் கரையையும் குறிக்கும். சாந்தோக்கிய உபநிடதம் ஆன்மாவைச் சேது என்று அழைக்கிறது. உலகங்கள் ஒன்றோடொன்று கலந்து குழம்பாமல் பிரித்துத் தாங்குவது என்ற பொருளில் அழைக்கிறது. தமிழில் சேதுவுக்கு வழங்கும் திருவணை என்ற பெயரும் இத்தகையதே: அணை என்பது தடுக்கும் கரை, கடக்க உதவும் பாலம், உடலைத் தாங்கும் படுக்கை. புல்லணையில் தொடங்கித் திருவணையில் முடியும் கதையில், காத்திருப்பதற்கும் கடப்பதற்கும் ஒரே சொல் அமைந்திருக்கிறது. தடுத்தல் வேறு, தாங்குதல் வேறு என்று பிரித்துப் பழகிய மனமே எடை வரம்பைத் தடையாக மட்டும் பார்க்கிறது.

1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம் இந்த இரட்டைப் பொருளை இரும்பில் காட்டியது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் அதன்மேல் ரயில் செல்லக் கூடாது என்பது விதியாக இருந்தது. கப்பல் வந்தால் நடுப்பகுதி திறந்து, ரயிலுக்குப் பாலம் இல்லாமலே போயிற்று. நில வழியும் நீர் வழியும் ஒன்றையொன்று மோதாமல் இருப்பதற்காக ஒவ்வொன்றும் மற்றொன்றின்பொருட்டு நிறுத்தப்பட்டது. 2022 டிசம்பரில், வயது முதிர்ந்த அப்பாலத்தில் ரயில் போக்குவரத்து முழுவதும் நிறுத்தப்பட்டபோது, எந்தப் பக்தியும் அதன் தூண்களுக்கு இளமையைத் தந்துவிட முடியவில்லை. இராமேசுவரத்துக்கு வந்த யாத்திரிகர் மண்டபத்திலோ இராமநாதபுரத்திலோ இறங்கி, 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின் வழியாகச் சென்றனர். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தின் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி 17 மீட்டர் வரை செங்குத்தாக உயர்கிறது. தொழில்நுட்பம் மாறியிருக்கிறது, வழிவிடும் கடமை மாறவில்லை.

தெய்வமே ஏறி வரும் வண்டிக்கும் இது பொருந்துமா என்பது தமிழருக்கு வெறும் தத்துவக் கேள்வி அன்று. தேர் மோட்டார் வாகனம் அன்று, 2.6 மீட்டர் அகல விதி அதைக் கட்டுப்படுத்தாது. திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரமும் சுமார் 300 டன் எடையும் உடையது. ஆயினும் தேர் ஒருபோதும் விதியற்ற வண்டியாக இருந்ததில்லை: அது ஓடுவதற்கென்றே அகலமாக வகுக்கப்பட்ட வீதி, ஓட்டத்துக்கு முன் வெள்ளோட்டம், இழுப்பதற்கு வடம், சக்கரத்தைத் திருப்பவும் நிறுத்தவும் முட்டுக்கட்டை. அன்றாடப் பேச்சில் முட்டுக்கட்டை போடுதல் என்றால் காரியத்தைக் கெடுத்தல்; தேர்வீதியிலோ அந்தக் கட்டையைச் சரியான நொடியில் சக்கரத்தின் கீழ் இடுபவரின் கைத்திறனாலேயே தேர் வளைவில் திரும்புகிறது, வீட்டுச் சுவரில் ஏறாமல் நிலைக்கு வந்து சேர்கிறது. மொழி அந்தத் தொழிலாளருக்கு அநீதி செய்திருக்கிறது. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சை மாவட்டம் களிமேட்டில், அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசிப் பதினொருவர் இறந்தபோது, கம்பிக்குப் பக்தரையும் மற்றவரையும் பிரித்தறியத் தெரியவில்லை. பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த கண்டதேவியில் வழக்கு வேறு வகையானது: அங்கே தேரின் அளவு சிக்கலாக இருந்ததில்லை, வடத்தை யார் பிடிக்கலாம் என்பதே சிக்கலாயிற்று, அதனால் தேர் ஆண்டுக்கணக்கில் நின்று, 2024 ஜூனில்தான் மீண்டும் ஓடியது. பாரத்துக்கு வரம்பு வேண்டும் என்ற நியாயத்தை ஆளுக்கு வரம்பு வேண்டும் என்பதற்குத் துணையாக்க முடியாது. வடம் பிடிக்கும் கை கூடக்கூட ஒவ்வொருவர்மேலும் விழும் சுமை குறையும்.

திருப்புல்லாணியை வைணவர் சரணாகதித் தலம் என்று போற்றுவர். வீடணன் அடைக்கலம் புகுந்தது இக்கரையில். வேதாந்த தேசிகர் வழிவந்தோர் சரணாகதியைப் பரந்நியாசம், அதாவது தன் பாரத்தை இறைவனிடம் வைத்தல், என்று விளக்குவர். எனில் பாரத்தை அவனிடம் வைத்தவன் எடைமேடையில் ஏன் நிற்க வேண்டும்? அங்கே ஒப்படைக்கப்படுவது தன்னைத் தானே காத்துக்கொள்ளும் பொறுப்பு. பிறர் தலையில் ஏற்றிய சுமையை ஒப்படைக்க யாருக்கும் உரிமை இல்லை, அது அவருடையதே அன்று. அடைக்கலம் புகுந்த வீடணனும், கடலை எப்படிக் கடப்பது என்று கேட்கப்பட்டபோது, கடலரசனிடம் வேண்டிக் கேட்க வேண்டும் என்றே சொன்னான்.

கதையின் இறுதியில் அந்த வீடணனே, இந்த வழியாக இனிப் படைகள் வராதிருக்க அணையை உடைக்குமாறு வேண்டினான் என்றும், இராமன் வில்லின் முனையால் அதை உடைத்தான் என்றும், அதனால் அவ்விடம் தனுஷ்கோடி ஆயிற்று என்றும் தல மரபு கூறுகிறது. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த அவ்வூரைத் தாண்டி அரிச்சல்முனை வரை 2017-இல் தார்ச்சாலை வந்தது. அதுவரை மணலில் தட்டுத்தடுமாறிச் சென்ற ஜீப்புகளுக்குப் பதில் இன்று கார்களும் வேன்களும் நேராகச் செல்கின்றன, சாலை முடியும் வட்டத்தைச் சுற்றிக்கொண்டு, இருபுறமும் கடல் இருக்க, வந்த வழியே திரும்புகின்றன.