எனது என்று சொல்வது யார்?

வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் ஊர்ச் சிவன் கோயில் மண்டபத்தில் மெய்கண்டாரின் சிவஞானபோத வகுப்பு நடக்கிறது. கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தி ஓய்வுபெற்ற நான் அங்கே கடைசி வரிசை மாணவன். மூன்றாம் நூற்பா நடந்த அன்று, வகுப்பெடுக்கும் புலவர் ஐயா என்னைப் பிடித்துக்கொண்டார். "பேராசிரியரே, எனது உடம்புன்னு சொல்றோம். அதனால சொல்றவன் வேற, உடம்பு வேறங்கறார் மெய்கண்டார். அந்த 'எனது' உடம்புக்கே தெரியும்னு உங்க சயின்ஸ் சொல்லுதாமே?"

"தெரிஞ்ச மாதிரி நடந்துக்கும் ஐயா" என்றேன். எப்படி என்று விளக்கினேன்.

1984இல் ஐக்கார்டி, கூட்டியேர் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் சில குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். மூளையில் சுண்ணாம்புப் படிவு, தண்டுவட நீரில் வெள்ளணுக்கள். தாயின் கருவிலேயே வைரஸ் தொற்றியது போன்ற அறிகுறிகள். தேடினால் வைரஸ் இல்லை. அந்த நோயின் காரணங்களில் ஒன்று 2012இல் தெரிந்தது: ஏடார்-1 என்ற நொதியின் மரபணுவில் பழுது.

இந்த நொதியின் வேலையை முதலில் பார்த்தது தவளை முட்டையில். பிரெண்டா பாஸும் ஹெரால்டு வெய்ன்ட்ராபும் 1980களின் இறுதியில் அமெரிக்காவில் கண்டார்கள். இரட்டை இழை ஆர்.என்.ஏ.வில் உள்ள அடினோசினை அது இனோசினாக மாற்றுகிறது. ஓர் எழுத்துத் திருத்தம், அவ்வளவுதான். ஆனால் திருத்திய இடத்தில் இழைகளின் பிடி தளர்கிறது. இது ஏன் தேவை? நம் மரபணுத் தொகுதியில் சுமார் பத்தில் ஒரு பங்கு, அலு எனப்படும் துண்டுகள். நகல் நகலாகப் பரவியவை. பத்து லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. இரண்டு எதிரெதிராக அமைந்தால் அவற்றின் ஆர்.என்.ஏ. மடிந்து இரட்டை இழையாகிவிடும். பல வைரஸ்கள் பெருகும்போதும் அதே வடிவம்தான். செல்லுக்குள் காவல் நிற்கும் எம்.டி.ஏ.5 என்ற புரதம், நீண்ட, முறியாத இரட்டை இழையைத் தொட்டால் இன்டர்ஃபெரான் அபாயச் சங்கு ஊதப்படும். 2015இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதை எலியில் காட்டினார்கள். திருத்தும் திறனற்ற ஏடார்-1 கொண்ட கருக்கள் பிறக்குமுன்பே செத்தன. எம்.டி.ஏ.5ஐயும் நீக்கியபோது பிழைத்தன.

"அப்போ காவல்காரன் 'நீ யாரு'ன்னு கேக்கறதே இல்லையா?" என்றார் ஐயா.

இல்லை. வடிவத்தை மட்டும் பார்க்கிறான். என் ஆர்.என்.ஏ. பிறப்பால் 'எனது' ஆவதில்லை. புதிதாக உருவாகும் நீண்ட இரட்டை இழை ஒவ்வொன்றிலும் அந்தத் திருத்தம் மறுபடி விழவேண்டும். உடம்பே ஆன்மா என்ற உலகாயதருக்கு இது சாதகம் என்று முதலில் தோன்றும். எனக்கு அப்படிப் படவில்லை. உடம்பின் உரிமை கொண்டாடல் இத்தனை மேலோட்டமானது என்றால், 'நான்' என்பதை அதன்மேல் எப்படி நிறுத்துவது?

புற்றுநோய்க்கு வந்தால் சிக்கல் இன்னும் இறுகுகிறது. கட்டியும் தன் ஆர்.என்.ஏ.வை இதே நொதியால் திருத்திக்கொண்டு, காவலின் கண்ணுக்கு வீட்டுப்பிள்ளையாகவே தெரிகிறது. பாஸ்டன் ஆய்வாளர்கள் எலிக் கட்டிகளில் ஏடார்-1ஐ நீக்கியபோது, நோயெதிர்ப்பு மருந்துக்கு மசியாத கட்டிகளும் மசிந்தன. 2019இல் வெளியான ஆய்வு அது. உடம்பின் கணக்குப்படி கட்டியும் 'எனது'தான்.

இந்த இடத்தில் வகுப்பில் ஒருவர், "அதுதாங்க ஆணவ மலம்! உள்ளேயே இருந்து மறைக்குது" என்று உற்சாகமானார். முன்வரிசையில் கீமோ முடித்து, தலையில் பருத்தித் துண்டு கட்டிய அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் குறிப்பெழுதும் பேனா நின்றது. இந்த உவமைகள் எனக்குப் பிடிப்பதில்லை. செல்லுக்கு ஆணவம் கிடையாது. நோயாளியின் கட்டியை மலம், வினை என்று விளக்குவது சித்தாந்தமும் இல்லை, இங்கிதமும் இல்லை. புலவர் ஐயாவும், "அதை விடுங்க, நூற்பாவுக்கு வாங்க" என்று வெட்டிவிட்டார்.

மெய்கண்டாரின் வாதத்தை ஏடார்-1 நிரூபிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஒரு புரதம் இரட்டை இழையைப் பிரித்தறிவது வேறு, 'எனது உடம்பு' என்று ஒருவர் வலியோடு சொல்வது வேறு. இரண்டாவதைச் செய்வது யார் என்ற கேள்வி ஆய்வுக்கூடத்துக்குள் இன்னும் நுழையவே இல்லை. "அன்றே சொன்னார்கள்" என்று மேடையேறத் துடிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: பன்னிரண்டு நூற்பாக்களில் எதிலும் ஆர்.என்.ஏ. இல்லை.