புள்ளடியும் திருத்தமும்

பிள்ளையின் கொப்பியில் ஆசிரியர் இடும் சிவப்புப் புள்ளடி திருத்தமா, தீர்ப்பா? கல்முனை தொடங்கிப் பொத்துவில் வரை நமது ஊர்களில் இக்கேள்வியைக் கேட்பார் குறைவு. தரம் ஐந்து புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததும் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவருக்கு மாலை போடுகிறோம். தாண்டாத பிள்ளைக்கு மிஞ்சுவது ஓர் எண் மட்டுமே. எங்கே பிழைத்தது என்பதை அந்த எண் சொல்வதில்லை. 'நீ இவ்வளவுதான்' என்று மட்டும் சொல்கிறது.

மூளை ஆய்வு இவ்விடத்தில் சிறிது வெளிச்சம் தருகிறது. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து ஆராய்ந்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது டோபமைன் நரம்பணுக்கள் விழித்தெழுந்தன. எதிர்பார்த்தபடி கிடைத்தபோது சலனமின்றி இருந்தன. எதிர்பார்த்தது கிடைக்காதபோது அடங்கின. டயான், மொண்டேக் ஆகியோருடன் 1997இல் அவர் எழுதிய கட்டுரை இதனை எதிர்வுகூறலில் நேரும் பிழையின் சமிக்ஞை என விளக்கியது. நினைத்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்திலிருந்தே மூளை கற்கிறது எனலாம்.

அறுகம்பேயில் அலைச்சறுக்குப் பழகும் பையனைப் பாருங்கள். கால் பிசகினால் அந்தக் கணமே விழுகிறான்; அடுத்த அலையில் காலை மாற்றி வைக்கிறான். அலை அவனை மக்கு என்று ஏசுவதில்லை. நமது ஓதப்பள்ளியிலும் பிள்ளை பிழைத்த இடத்திலேயே நிறுத்தி, சரியாக ஓதிக் காட்டி, மீண்டும் ஓதவைப்பார் லெப்பை. அங்கிருந்த பிரம்பை நான் நியாயப்படுத்தவில்லை. திருத்தும் முறையையே சொல்கிறேன்.

குரங்கின் நரம்பணுவிலிருந்து வகுப்பறைக்கு நேராகப் பாலம் போட முடியாதுதான். ஆனால் மாணவரிடையே நடந்த ஆய்வுகளும் உண்டு. ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர் முன்னேறினர்; குறிப்போடு புள்ளியும் பெற்றவர்களிடம் அந்தப் பலன் காணப்படவில்லை. புள்ளியைக் கண்ட கண் குறிப்பில் நிற்பதில்லை போலும். குளூகரும் டெனிசியும் 1996இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்ட சந்தர்ப்பங்களில் பின்னூட்டம் செயற்றிறனைக் குறைத்திருந்தது.

நாற்பது கொப்பிகளிலும் குறிப்பு எழுத நேரமேது என ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. எல்லாப் பிழைகளையும் திருத்தவேண்டியதில்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு பிழை, அது எங்கே, எப்படிச் சரிசெய்வது என்ற ஒரு வரி, திருத்தி எழுத இன்னொரு வாய்ப்பு, இவை போதும்.

பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதன் பிழையைக் காட்டிவிட்டு வழியைக் காட்டாமல் விடுவது கற்பித்தலில் நேரும் குறைபாடு மட்டுமன்று, அநீதியும்கூட என்பதே எனது நிலைப்பாடு.