பெர்மனன்ட்டா?

சிவகாசியில் அடுத்த வருஷம் ஆடி மாதத்திலேயே பிறந்துவிடும். ஆடிப் பதினெட்டன்று பூஜை போட்டுக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். ஏஜென்டுகள் அவற்றைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்க் கிளம்புவார்கள். என் தம்பி மகள் அங்கே ஓர் ஆப்செட் அச்சகத்தில் டிசைன் பிரிவில் இருக்கிறாள். நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சூலம் என்று 365 தாள்களையும் திரையில் சரிபார்த்து அடுக்குவது அவள் வேலை. 2024 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருத்தங்கலிலிருந்து பஸ் பிடித்து விருதுநகருக்கு என் வீட்டுக்கு வந்தாள். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அத்தை, உங்க கார்டுல ஆயிரத்து நானூறு ரூபா கட்டணும். என் கார்டு டாலருக்கு எடுக்க மாட்டேங்குது."

"எதுக்கும்மா?"

"ஆஸ்திரேலியா போறதுக்கு. ஒரு வருஷம் மட்டும் அத்தை."

அந்த 'மட்டும்' இன்னும் என்னை விடவில்லை.

அவள் போனில் காட்டியது 'ஒர்க் அண்ட் ஹாலிடே' விசா. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தம் 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதில் ஒரு மூலையில் இருந்த வாக்குறுதி 2024 அக்டோபர் 1-ஆம் தேதி திறந்தது. 18 முதல் 30 வயதுவரை உள்ள இந்தியர்களில் ஆண்டுக்கு 1,000 பேர் அங்கே போய் 12 மாதம் இருக்கலாம். வேலை பார்க்கலாம், ஊர் சுற்றலாம், நான்கு மாதம் வரை படிக்கலாம். ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் நிற்கக் கூடாது. பள்ளிக்குப் பிறகு இரண்டு வருஷமாவது படித்திருக்க வேண்டும், ஓரளவு ஆங்கிலம் வேண்டும், கையில் 5,000 ஆஸ்திரேலிய டாலர் இருப்பதாகக் காட்ட வேண்டும். பெயர் பதிய 25 டாலர். பெயர் விழுந்தால் விசாக் கட்டணம் அப்போது 650 டாலர். பிரிட்டன் இதே மாதிரி ஒன்றை 2023 பிப்ரவரியிலேயே தொடங்கியிருந்தது; அது ஆண்டுக்கு 3,000 பேர், இரண்டு வருஷம், பட்டப்படிப்பு கட்டாயம்.

இரண்டுமே குலுக்கல். குலுக்குச் சீட்டுப் போட்டே நகை சேர்த்த தெருவில் வளர்ந்தவளுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆஸ்திரேலியக் குலுக்கல் திறந்து இரண்டே வாரத்தில் சுமார் 40,000 பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். நாற்பதில் ஒன்று. நான் கார்டை எடுத்துக் கொடுத்தேன். அவளுடைய பாஸ்போர்ட், பான் கார்டு எண்களை வாசித்துச் சொன்னேன். அவள் தட்டினாள்.

அன்று மாலையே வீட்டில் சொல்லிவிட்டாள். தம்பி போன் செய்தான். அவன் கேட்ட முதல் கேள்வி, "பெர்மனன்ட்டாக்கா அது?"

எங்கள் பக்கத்தில் எந்த வேலையைப் பற்றிப் பேசினாலும் முதலில் எழும் கேள்வி அதுதான். சம்பளம் எவ்வளவு என்பது அடுத்தது. பெர்மனன்ட் இல்லாத எதுவும் வேலையாகாது, பெர்மனன்ட் இல்லாத ஊர் போய்ச் சேரும் ஊராகாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வானம் பார்த்த பூமி. கரிசலில் ஒரு வருஷம் மழை தவறினால் மிளகாயும் மல்லியும் போச்சு. பட்டாசு ஆபீசில் ஈரக்காற்று அடித்தால் அன்றைக்கு வேலை இல்லை, வேலை இல்லையென்றால் கூலி இல்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. அந்தத் தீபாவளி முடிந்து மூடிய ஆலைகள் மறு வருஷம் மார்ச் வரை திறக்கவில்லை. அந்த நான்கு மாதத்துக்குப் பெயர் லீவுதான். ஆண்கள் கட்டட வேலை தேடி வெளியூர் போனார்கள். பெண்கள் நூறு நாள் வேலைக்குப் பெயர் கொடுத்தார்கள். இப்படி வந்த ஊரிடம் 'வேலையோடு விடுமுறை' என்று ஒரு பெயரைச் சொன்னால், இரண்டு சொல்லும் ஒன்றையொன்று தள்ளத்தான் செய்யும்.

என் அம்மா, அவளுக்கு அப்பத்தா, எழுபத்தெட்டு வயது. அங்கே என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஓட்டலில் பரிமாறலாம், தோட்டத்தில் பழம் பறிக்கலாம், பண்ணையில் நிற்கலாம். ஊர்ப்புறத்தில் அப்படி மூன்று மாதம் வேலை பார்த்தால் இரண்டாவது வருஷத்துக்கும் விசா கேட்கலாம் என்று பேத்தி ஆசையாகச் சொன்னாள்.

"பழம் பறிக்கவா? இங்க மிளகாப்பழம் எடுத்து எடுத்து என் கை எரிஞ்சது போதாதா? அதுக்கா உன்னையக் காலேஜுக்கு அனுப்பிச்சோம்?"

அம்மா கோபத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொன்னாள். அவள் மிளகாய்க் காட்டிலும் பிறகு தீப்பெட்டி ஆபீசிலும் முப்பது வருஷம் இருந்தவள். என் அக்கா எட்டு வயதில் அவளோடு போனாள். விடிவதற்கு முன் ஆபீஸ் பஸ் வரும். தூக்கம் கலையாத பிள்ளையை இடுப்பில் தூக்கி ஏற்றுவார்கள். சட்டத்தில் குச்சி அடுக்கினால் சட்டத்துக்கு இத்தனை பைசா. அக்கா அடுக்கினாள், நான் பள்ளிக்கூடம் போனேன். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தபோதும், சிவகாசி வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோதும், அக்காவின் விரல்களுக்கு அது பிந்திப்போய்விட்டது. அந்த விரல்களின் பலனில்தான் நான் எம்.எஸ்ஸி. முடித்து விருதுநகரில் ஆசிரியையானேன். எங்கள் வீடு கை வேலையிலிருந்து பேனா வேலைக்கு ஏற ஒரு தலைமுறை பிடித்தது. பேத்தி தானாகவே விரும்பி, பணமும் கட்டி, மறுபடி காட்டுக்குள் இறங்குகிறேன் என்கிறாள். அம்மாவுக்கு அது ஏணியிலிருந்து விழுவதாகத் தெரிந்தது.

எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. ஆனால் அம்மாவிடம் அதைச் சொல்ல வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை. வேலையில் இழிவு ஏறுவது எதனால்? அக்கா அடுக்கிய குச்சியை இழிவாக்கியது குச்சி அல்லவே. விட்டுவிட்டு வர முடியாது என்பதுதான் அதை அப்படி ஆக்கியது. முன்பணம் வாங்கியிருந்தோம். வேறு வழி இல்லாத வீடு. மூன்று மாதம் மாம்பழம் பறித்துவிட்டு, போதும் என்று பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடக்க முடிந்தால், அதே வெயிலும் அதே முதுகுவலியும் வேறொன்றாகிவிடும். எங்கள் வீட்டில் யாருக்கும் வாய்க்காத ஒன்று அது: போதும் என்று சொல்லும் சுதந்திரம்.

அங்கே எல்லாம் நேர்மையாக நடக்கிறது என்று நான் நம்பிவிடவும் இல்லை. இந்த விசாவின் மூத்த வடிவத்தில் வந்த பிள்ளைகளின் கூலி பல இடங்களில் பிடிக்கப்பட்டதை, ஆஸ்திரேலிய அரசின் தொழிலாளர் நலக் கண்காணிப்பு அலுவலகமே 2016-இல் விசாரித்து அறிக்கை வெளியிட்டது. பீஸ் ரேட்டுக்குப் பழம் பறித்தாலும் குறைந்தபட்ச மணிக்கூலிக்குக் கீழே போகக் கூடாது என்ற உத்தரவாதம் தோட்டத் தொழிலாளர்களுக்கு 2022 ஏப்ரலில்தான் வந்தது. இதைத் தம்பி மகளிடம் சொன்னபோது, "சட்டத்துக்கு இத்தனை பைசா மாதிரியா அத்தை?" என்று கேட்டாள். ஆமாம், அதே மாதிரிதான். பீஸ் ரேட் என்றால் என்ன என்பதைத் திருத்தங்கல் பிள்ளைக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டாம். யாரிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போகட்டும். ஏஜென்ட் யாரையும் நம்பாதே என்றும் சொன்னேன். கம்ப்யூட்டர் வேலை என்று தாய்லாந்துக்கு அழைத்துப் போகப்பட்ட தமிழ்ப் பிள்ளைகள் 2022-இல் மியான்மரின் மியாவாடியில் சிக்கி, மோசடிக் கும்பலுக்கு வேலை செய்யும்படி அடைத்து வைக்கப்பட்டது எங்களுக்கெல்லாம் மறக்கவில்லை.

வெளியூருக்குப் போய்வருவது எங்களுக்குப் புதிதல்ல. சிவகாசியின் கதையே அப்படித்தான் தொடங்குகிறது. 1922-இல் அய்ய நாடாரும் அவருடைய பங்காளி சண்முக நாடாரும், இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள், கல்கத்தாவுக்குப் போனார்கள். பூர்ண சந்திர ராய் என்பவரிடம் எட்டு மாதம் போல இருந்து தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அந்த எட்டு மாதத்திலிருந்து தீப்பெட்டி, அதிலிருந்து பட்டாசு, லேபிள் ஒட்ட அச்சகம், அச்சகத்திலிருந்து காலண்டர் என்று ஒரு நகரமே வளர்ந்தது. சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. ஆனால் அதைச் சொல்கிற யாரும் அவர்கள் கொண்டுவந்ததைத்தான் சொல்வார்கள். அந்த எட்டு மாதம் எப்படிக் கழிந்தது? பாஷை தெரியாத ஊரில் முதல் நாள் என்ன சாப்பிட்டார்கள்? ஞாயிற்றுக்கிழமை ஹூக்ளி ஆற்றங்கரையில் போய் நின்றிருப்பார்களா? ஊர் நினைவு வந்து ஒருநாளாவது அழுதிருப்பார்களா? கொண்டுவந்ததை எண்ணியே பழகிவிட்டதால், இருந்த காலத்தை நாங்கள் கேட்கவே இல்லை.

செட்டிநாட்டுக்காரர்களுக்குக் கணக்கு இன்னும் துல்லியம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ஏஜென்டாகப் போகிறவர் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு மூன்று வருஷத்துக்குப் போவார். முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறுவார். பின்னால் வளைகுடா வந்தது. பத்தாம் வகுப்பு முடிக்காதவரின் பாஸ்போர்ட்டில் குடியகல்வு அனுமதி தேவை என்று குறிப்பு இருக்கும். அந்தப் பாஸ்போர்ட்டோடு எங்கள் தெருவிலிருந்து போனவர்கள் தங்கச்சி கல்யாணத்துக்குப் போனார்கள், வீட்டுக் கடனுக்குப் போனார்கள், ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போனார்கள். தனக்காகப் போனேன் என்று சொன்ன ஒருவரைக்கூட நான் கண்டதில்லை. அப்படி யாராவது நினைத்திருந்தாலும் வெளியே சொல்லியிருக்க மாட்டார்.

எனக்கும் ஒருமுறை வந்தது. 1992, எனக்கு இருபத்து நான்கு. பூனாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக ஒரு வருஷம். கடிதத்தை அப்பா இரண்டு தடவை வாசித்தார். அவர் விருதுநகரில் பருப்புக் கமிஷன் கடையில் கணக்கு எழுதியவர். எதையும் இரண்டு தடவை வாசிப்பார். மடித்துத் திருப்பிக் கொடுத்து, "பெர்மனன்ட்னா போயிட்டு வான்னு சொல்லிருப்பேன். ஒரு வருஷத்துக்கு எதுக்கும்மா அலைச்சல்?" என்றார். பெண்பிள்ளை என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே அதுவும் அந்த அறையில் இருந்தது. ஒரு வருஷம் போய்த் திரும்பி வரும் பெண்ணுக்கு ஊர் என்னவெல்லாம் கேட்கும் என்று அவருக்குத் தெரியும். நிரந்தரமாகப் போனால் அந்தக் கேள்விகள் இல்லை, வேலைக்குப் போய்விட்டாள் என்று முடிந்துவிடும். போய்த் திரும்புகிறவளிடம்தான் கேட்பார்கள்.

நான் போகவில்லை. அக்கா குச்சி அடுக்கிப் படிக்க வைத்த பிள்ளை, சம்பாதிக்கிற வயதில் ஒரு வருஷத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்ள எனக்கே மனம் வரவில்லை. பல வருஷம் கழித்து, வீட்டில் எல்லாரும் தூங்கிய பின் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ போயிருந்தா நான் பூனாவை ஒரு தடவை வந்து பாத்திருப்பேன்ல" என்றாள். அவளுக்காக விட்டேன் என்று இத்தனை காலம் எண்ணியிருந்தேன். அவளைக் கேட்காமலேயே விட்டிருக்கிறேன்.

அதனால்தான் தம்பி மகள் சொன்ன 'மட்டும்' எனக்குச் சின்னச் சொல்லாகத் தெரியவில்லை. அவளுக்கு அங்கே குடியேற ஆசை இல்லை. திருத்தங்கலில் அவளுக்கு எந்தக் கசப்பும் இல்லை. பங்குனிப் பொங்கலுக்கு எங்கே இருந்தாலும் வந்துவிடுவாள். அவள் கேட்பது ஒரு வருஷம்: யாருக்காகவும் இல்லாத, எதையும் அடைக்க வேண்டாத, முடிந்ததும் வீட்டுக்கு வரும் ஒரு வருஷம். மற்ற நாடுகளில் பிள்ளைகள் கல்லூரி முடித்த கையோடு இதைச் செய்கிறார்கள். பிரிட்டன், அயர்லாந்து, கனடாப் பிள்ளைகளுக்கு ஆஸ்திரேலியா 1975-இலேயே இந்தக் கதவைத் திறந்துவிட்டது. எங்களுக்குத் திறக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. திறந்த கதவின் முன்னும் 5,000 டாலர் நிற்கிறது, அன்றைய கணக்கில் இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல். பட்டாசு ஆபீசில் மருந்து செலுத்தும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தொகை எங்கிருந்து வரும்? படிப்பு இருந்தும் பணம் இல்லாததால் வெளியே நிற்கிறவர்களை நினைத்தால் எனக்கு இந்த விசாவின் மேல் கோபமும் வருகிறது. ஆனாலும் அவள் போக வேண்டும் என்றே விரும்பினேன். முதலில் ஒருத்தி போய்த் திரும்பி வந்து, நான் அங்கே இன்னது பார்த்தேன், இன்னது சாப்பிட்டேன், இந்த இடத்தில் அழுதேன் என்று திண்ணையில் உட்கார்ந்து சொன்னால், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு 'பெர்மனன்ட்டா?' என்ற கேள்வியின் கனம் கொஞ்சம் குறையும்.

அவள் பெயர் விழவில்லை. மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனாள். அழுதாளா என்று நான் கேட்கவில்லை. மறு வருஷக் குலுக்கலுக்குப் புதிதாகப் பெயர் பதிய வேண்டும் என்று மட்டும் சொன்னாள். இருபத்து மூன்று வயதுதான், முப்பதுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

இந்த வருஷம் ஆடி பதினெட்டு கழிந்து ஒருநாள் தம்பி மனைவி போன் செய்தாள். மகள் ஆஸ்திரேலியா என்ற நாளிலிருந்து அந்தப் பேச்சு எடுத்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறவள். அம்மாவின் மூட்டுவலி, ரேஷன் பருப்பு என்று பேசிக்கொண்டிருந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மதினி, அந்த ரெண்டே முக்கால் லட்சம் பேங்க்ல எத்தனை நாளைக்குக் கெடக்கணும்?"

"ஏன் கேக்கிறே?"

"ஒரு சீட்டு போட்டுருக்கேன். தை மாசம் எடுக்கலாம். அவ அப்பாட்ட இன்னும் சொல்லல."